சீனர் உழைப்பாளி, தமிழர் குடிகாரர்: யார் எழுதிய கணக்கு?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் முதலில் வரும் ஊர் ரிங்லெட். ஊரைச் சுற்றிக் காய்கறித் தோட்டங்கள். பிளாஸ்டிக் கூரை போட்டு, மலைச்சரிவையே வெள்ளைத் துணியால் மூடினாற்போல இருக்கும். இன்னும் கொஞ்ச தூரம் போய் ஹாபு பக்கம் திரும்பினால் தேயிலை. நான் பிறந்து வளர்ந்தது தேயிலைப் பக்கம்.

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். ஒட்டுக்கடையில் தே-ஓ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பேச்சை ஆரம்பித்தார். முப்பத்தைந்து வருஷம் தோட்டத்தில் மருந்தடித்தவர். சாலையில் கோஸ் ஏற்றிக்கொண்டு போன லாரியைக் காட்டி, "பாத்தியா தம்பி, சீனன் மண்ணத் தொட்டா காசு. நம்மாளு காசத் தொட்டா கள்ளு. ரத்தத்துலயே அப்படித்தான்" என்றார். சுற்றியிருந்த நான்கு பேரும் தலையாட்டினார்கள். எல்லோரும் தமிழர்கள், எல்லோரும் உழைத்து உழைத்துக் கை காய்த்தவர்கள். எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. நானும் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். அந்த மௌனம் இன்றுவரை உறுத்துகிறது.

நம்மில் தலையெழுத்தை மறுக்கக் கற்றவர்கள் நிறையப் பேர் உண்டு. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். அதிலிருந்து இந்த நாட்டுத் தோட்டங்களில் ஜாதகம், சகுனம், சாதி என்று ஒவ்வொன்றையும் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்ட ஒரு மரபு இருக்கிறது. ஒருவன் நெற்றியில் பிரம்மன் எழுதினான் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாத அதே ஆள், ஓர் இனத்தின் ரத்தத்தில் எழுதியிருக்கிறது என்று சொன்னால் தலையாட்டுகிறார். இரண்டிலும் எழுதியவனைக் கண்டவர் இல்லை, எழுத்தைப் படித்தவரும் இல்லை. இனத்துக்கு ஒரு தலையெழுத்து உண்டு என்பது மூடநம்பிக்கை. மற்ற மூடநம்பிக்கைகளைவிட இது கொடியது, ஏனென்றால் இதில் ஏமாறுகிறவன் தன்னையே இழிவாக நினைத்துக்கொள்கிறான்.

இரண்டு இனங்களை ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக ஒப்பிடலாம். ஆனால் எதையெதை ஒப்பிடுகிறோம் என்பதில் நேர்மை வேண்டும்.

1970இல் தீபகற்ப மலேசியாவில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் மலாய்க்காரருக்கு ஏறத்தாழ 172 வெள்ளி, இந்தியருக்கு 304, சீனருக்கு 394. வறுமையில் இருந்தவர்கள் மலாய்க்காரரில் நூற்றுக்கு 65, இந்தியரில் 39, சீனரில் 26. 2022இல் எடுத்த கணக்கெடுப்பில் வருமான வரிசையில் சரிநடுவில் நிற்கும் குடும்பத்தின் மாத வருமானம் மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்திராவுக்கு 5,793 வெள்ளி, இந்தியருக்கு 6,627, சீனருக்கு 8,167. இந்த எண்களை வைத்துக்கொண்டு மேடையில் எதை வேண்டுமானாலும் பேசலாம், பேசியும் வருகிறார்கள். ஆனால் இந்த 'இந்தியர்' யார்? கோலாலம்பூர் வழக்கறிஞரும் இந்தியர், யாழ்ப்பாணத்திலிருந்து கிராணியாக வந்தவரின் மருத்துவரான பேத்தியும் இந்தியர், செட்டியாரும் இந்தியர், ஹாபு பக்கம் கொழுந்து பறித்த என் பாட்டியும் இந்தியர். எல்லோரையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டி ஒரு கரண்டி எடுத்துக் காட்டுவதுதான் இனச் சராசரி. சீனர் என்ற அண்டாவிலும் தவுக்கேயும் உண்டு, அவர் தோட்டத்தில் நாள்கூலிக்குக் களை பிடுங்கிய சீனக் கிழவியும் உண்டு.

1970 கணக்கில் யாரும் மேடையில் சொல்லாத இன்னொரு வரி இருக்கிறது. நிறுவனப் பங்குகளில் மலாய்க்காரர் கையில் 2.4 விழுக்காடு, இந்தியர் கையில் சுமார் 1, சீனர் கையில் 27. வெளிநாட்டவர் கையில் 63. சுதந்திரம் வாங்கிப் பதின்மூன்று வருஷம் ஆன பிறகும் நாட்டின் பெரும்பங்கு வெள்ளைக்காரன் கணக்கில் இருந்தது. கூலிக்காரர்களான நாம் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தோம்.

மலையின் கதைக்கு வருகிறேன். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இந்தப் பீடபூமியைக் குறித்துவிட்டுப் போனார். நாற்பது வருஷம் கழித்துத்தான் மலைவாசத் தலமாக்கும் வேலை தொடங்கியது. தாப்பாவிலிருந்து சாலை மேலேறி முடிந்தது 1930களின் தொடக்கத்தில். அதற்குள் 1929இல் ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். தேயிலை தெரிந்த துரை இலங்கையிலிருந்து வந்தார், கூலிகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தார்கள். அதே சாலையில், ஏறக்குறைய அதே வருஷங்களில், சீனக் காய்கறிக்காரர்களும் ஏறினார்கள். மலைக் காய்கறிக்குக் கீழே நல்ல விலை இருந்தது.

அதாவது இரண்டு கூட்டமும் இந்த மலைக்குப் புதிது. ஒரே மழை, ஒரே குளிர், ஒரே அட்டைக்கடி. வந்த விதம்தான் வேறு.

தமிழரைக் கொண்டுவர அரசாங்கமே ஒரு நிதி வைத்திருந்தது. 1907இல் தொடங்கிய அந்தக் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டினார்கள், அதிலிருந்து கப்பல் கட்டணம் போனது. சஞ்சிக்கூலி என்ற ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தபின் ஆள் சேர்ப்பது பெரும்பாலும் கங்காணி கைக்கு வந்தது. ஊரிலேயே முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தார். வந்து இறங்கியவருக்கு லயம் என்ற வரிசை வீடு, மருத்துவக் கொட்டகை, ஆயாக் கொட்டகை, கோயில், பள்ளி, கடை, கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்து எல்லைக்குள்ளேயே இருந்தன. வெளியே போக ஒரு காரணமும் மிச்சம் வைக்கவில்லை. கூலியை அரசாங்கமும் முதலாளிகளும் சேர்ந்து நிர்ணயித்தார்கள். ரப்பர் விலை விழுந்தால் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள், ஏறினால் மறுபடி அழைத்து வந்தார்கள். ஒரு குழாயைத் திறந்து மூடுவது போல.

சீனக் கூலிக்கு வேறு வகைக் கொடுமை. அவர்களையும் கடனில்தான் கொண்டுவந்தார்கள், ரகசியச் சங்கங்களும் தலைவர்களும் பிழிந்தெடுத்தார்கள். ஆனால் கடனை அடைத்தபின் வேலை ஒப்பந்தத்தில் நடந்தது. ஒரு கூட்டமாகச் சேர்ந்து ஒரு வேலையைப் பேசி எடுத்து, முடித்துக் கொடுத்துப் பணம் வாங்கலாம். பிடிக்காவிட்டால் வேறு இடம் போகலாம். அதனால் அவர்களின் கூலி கூடுதலாக இருந்தது. துரைமார் இதை வைத்து எழுதிய வர்ணனைகளைப் படித்தால் வயிறு எரிகிறது. தமிழன் பணிவானவன், சீனன் உழைப்பாளி ஆனால் அடங்காதவன், மலாய்க்காரன் சோம்பேறி. தன் வயலில் தனக்கு நெல் விளைத்துக்கொண்டு, துரைக்குக் கூலி வேலை செய்ய வராத ஒரே குற்றத்துக்காக மலாய்க்காரனுக்குச் சோம்பேறிப் பட்டம். சையத் ஹுசைன் அலத்தாஸ் இந்தக் கட்டுக்கதையைப் பிரித்துப்போட்டு 1977இல் ஒரு புத்தகமே எழுதினார். சம்பளப் பேரேட்டின் ஓரத்தில் துரை எழுதிவைத்த குறிப்பை நாம் நம் ரத்தக்குணம் என்று இன்றும் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து ஒப்பிக்கிறோம்.

பணிவு ரத்தத்தில் இருந்ததா? 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனருக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்று கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்று கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற முறையை எடு என்றும் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னது கூலிக்காரர், திறந்து வைத்திருந்தது நிர்வாகம் என்பதை 'காசத் தொட்டா கள்ளு' என்று சொல்கிறவர்கள் ஒருமுறை மனதில் வாங்க வேண்டும். கேட்டதற்குப் பதிலாகப் பட்டாளம் வந்தது. ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

கள்ளைப் பற்றி இன்னொன்று. அந்தக் காலத்துச் சீனக் கூலி அபின் புகைத்தார். அபினை விற்றது பிரிட்டிஷ் அரசாங்கம், அதன் வருமானத்தில் பெரும்பங்கு அபினிலிருந்து வந்தது. தமிழனுக்குக் கள், சீனனுக்கு அபின். உடம்பு வலியை மறக்க ஒன்று வேண்டியிருந்தது, அதையும் காசாக்க ஒருவன் இருந்தான். நூறு வருஷத்துக்கு முன் சீனரின் ரத்தத்தில் அபின் இருக்கிறது என்று எழுதினார்கள். இன்று யாராவது அப்படிச் சொல்கிறார்களா? அந்த 'ரத்தம்' எங்கே போனது?

ரத்தமா, நிலைமையா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இனங்களை இடம் மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். வரலாறு அந்தச் சோதனையை ஏற்கனவே செய்துவிட்டது. 1847 முதல் 1874 வரை ஏறக்குறைய 1,25,000 சீனர்களைக் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு எட்டு வருஷ ஒப்பந்தத்தில் கொண்டுபோனார்கள். கறுப்பின அடிமைகளின் பக்கத்திலேயே அடித்து வேலை வாங்கினார்கள். நிலைமையை விசாரிக்கச் சீன அரசாங்கம் ஓர் ஆணையத்தை அனுப்பியது, அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குமூலங்களைப் பதிவு செய்தது. சாட்டையடி, தற்கொலை, ஒப்பந்தம் முடிந்தும் விடாமல் பிடித்துவைத்தது, எல்லாம் அதில் இருக்கிறது. மண்ணைத் தொட்டால் காசாக்கும் அந்த ரத்தம் கியூபாவில் ஏன் வேலை செய்யவில்லை? மறுபக்கம் மொரீஷியஸைப் பாருங்கள். அங்கே கரும்புக்குப் போனவர்கள் இந்தியக் கூலிகள். பெரும்பாலும் பீகாரிகள், நம் தமிழரும் உண்டு. 1870களுக்குப் பிறகு சர்க்கரை முதலாளிகள் நொடித்து, தோட்ட ஓரங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். கூலிகள் சேர்த்துவைத்த காசில் வாங்கினார்கள். ஒன்றிரண்டு தலைமுறையில் அந்தத் தீவின் கரும்பு நிலத்தில் கணிசமான பகுதி இந்தியச் சிறு விவசாயிகளிடம் வந்தது. அதே இந்தியத் தொழிலாளியை இலங்கை மலையகத்தில் பாருங்கள். நிலமும் கொடுக்காமல், 1948இல் குடியுரிமையையும் பறித்தால் என்ன ஆகும் என்பது அங்கே தெரியும்.

நிலம் கிடைத்த இடத்தில் கூலி விவசாயியானான், கிடைக்காத இடத்தில் கூலியின் பிள்ளையும் கூலியானான். இதைத் தாண்டி இனத்துக்கென்று ஒரு விளக்கம் வேண்டுமென்றால் அதைச் சொல்கிறவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

ரிங்லெட்டிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது, அவசரகாலத்தில். 1948இல் கம்யூனிஸ்டுகளோடு சண்டை தொடங்கியது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரத்தில் சிதறியிருந்த மக்களை, பெரும்பாலும் சீனர்களை, சுமார் 5 லட்சம் பேரைத் தூக்கி 400க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் முள்வேலிக்குள் அடைத்தார்கள். வீடுகள் எரிந்தன, அரிசி அளந்து கொடுக்கப்பட்டது, இருட்டியபின் வெளியே தலைகாட்ட முடியாது. ரிங்லெட்டிலும் பெர்தாம் பள்ளத்தாக்கிலும் உள்ள புதுக்கிராமங்கள் அந்த வேலியில் பிறந்தவை. அது கொடுமை, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கொடுமைக்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீடு கட்ட ஒரு துண்டு நிலம் அளந்து கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் வந்தது. வேலியைப் பிரித்த பிறகும் நிலம் அவர்களிடம் நின்றது. பின்னாளில் நீண்டகாலக் குத்தகைப் பத்திரமும் வந்தது.

தோட்டத் தமிழரையும் அதே வருஷங்களில் ஒன்றுசேர்த்தார்கள். சிதறிக்கிடந்த லயங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து அவற்றைச் சுற்றியும் முள்வேலி போட்டார்கள். எங்கள் பாட்டிக்கு அப்போது இருபது வயது. கூடையைக்கூடக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வேலி வாசலைத் தாண்ட முடியும், காட்டுக்குள் இருந்தவர்களுக்குச் சோறு போகக் கூடாது என்பதற்காக, எனச் சொல்லியிருக்கிறாள். அவசரகாலம் 1960இல் முடிந்தது, வேலி போனது. லயம் அமர்ந்திருந்த மண் முன்பும் தோட்டத்துடையது, பின்பும் தோட்டத்துடையது.

ஒரே அரசாங்கம், ஒரே முள்கம்பி. ஒரு பக்கம் மண் கிடைத்தது. இன்னொரு பக்கம் கம்பி மட்டும்தான்.

பாட்டிக்கு நான்கு வயது இளைய தம்பி ஒருவர் இருந்தார். எங்களுக்குச் சின்னத் தாத்தா. 1960ஐ ஒட்டிய வருஷங்களில் கேமரன் மலை மின்திட்டத்துக்குச் சுரங்கம் தோண்டினார்கள், ரிங்லெட்டில் அணை கட்டினார்கள். 1963இல் முடிந்த அந்த அணைதான் சுல்தான் அபு பக்கார் அணை. தோட்டத்துக்கு வெளியே, ரொக்கமாக நாள்கூலி கிடைத்த முதல் வேலை அது. சின்னத் தாத்தா தோட்டத்துக் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போவதை நிறுத்திவிட்டு அணை வேலைக்குப் போனார். சேர்த்த காசோடு பெர்தாம் பக்கம் ஒரு சீனப் பெரியவரிடம் போய்ச் சேர்ந்தார். அவர் விதையும் உரமும் கடனுக்கு வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச வருஷத்தில் ஒன்றரை ஏக்கருக்கு நில அலுவலகத்தில் தற்காலிக உரிமம் கிடைத்தது. தக்காளி, கோஸ், பிறகு பிளாஸ்டிக் கூரை போட்டுச் சாமந்தி. அவருடைய மூத்த மகன் கணக்காளர், இளையவர் இன்றும் விவசாயி, மகள் ஆசிரியை.

பாட்டி தோட்டத்திலேயே இருந்தாள். கொழுந்து நிறுக்கும் இடம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. மழை நாளில் கூடையைத் தராசில் மாட்டுவார்கள். முள் ஆடி நிற்பதற்குள் மண்டோர் எண்ணைச் சொல்லுவார், கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார். ஈரம் எவ்வளவு என்று அளக்க ஒரு கருவியும் இல்லை, அவர் கண்தான் கருவி. பாட்டி உதடு அசைத்துக் கணக்குப் பார்ப்பாள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் மாதக் கடைசியில் துண்டில் எழுதியிருப்பதும் அவள் மனக்கணக்கும் எத்தனை கிலோ இடிக்கிறது என்று சொல்லிவிடுவாள். சொல்லி ஒன்றும் ஆனதில்லை. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வுக் கடிதம் வந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, நான்தான் படித்துச் சொன்னேன். நீண்டகாலச் சேவைக்கு நன்றி என்று ஒரு வரி. மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அடுத்த வரி. பாட்டி என்னை இரண்டாவது வரியை மறுபடி படிக்கச் சொன்னாள்.

இப்போது குடியைப் பற்றிச் சொல்கிறேன். பாட்டி வாழ்நாளில் ஒரு சொட்டுக் கள் குடித்ததில்லை, ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை. சின்னத் தாத்தா நன்றாகக் குடிப்பார். சந்தைக்குப் போய் வந்த இரவெல்லாம் குடிப்பார். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே ரத்தம். குடித்தவர் நிலம் வைத்திருந்தார், குடிக்காதவள் வீடில்லாமல் நின்றாள். குடி நல்லது என்று சொல்லவில்லை. குடி எத்தனையோ லயங்களைக் கெடுத்தது, அதைக் கண்ணால் கண்டவன் நான். ஆனால் வறுமைக்குக் காரணம் குடி என்று சொல்லி முடித்துவிட்டால், அந்தத் தராசையும் அந்தக் கடிதத்தையும் யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. அது யாருக்கு வசதி என்று யோசியுங்கள்.

சீனர்களின் நிலையும் ஒன்றும் கோட்டையல்ல. மலையில் காய்கறி நிலம் பெரும்பாலும் வருஷா வருஷம் புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில்தான் நின்றது. அதை விற்கவும் முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. அந்தச் சீனப் பெரியவர் வருஷ முடிவில் எப்படிப் பதறுவார் என்று சின்னத் தாத்தா சொல்லியிருக்கிறார். 2014 நவம்பரில் ரிங்லெட்டில் மண்ணும் தண்ணீரும் புரண்டு வந்து உயிர்களைக் கொண்டுபோயின. 2021 தொடக்கத்தில் குவாலா தெர்லாவில், பல பத்தாண்டுகளாக விவசாயம் செய்துவந்தவர்களின் தோட்டங்களை அதிகாரிகள் வந்து அழித்தார்கள். அதில் சீனரும் இருந்தார்கள், தமிழரும் இருந்தார்கள். இயந்திரம் இனம் பார்க்கவில்லை, பத்திரம் இருக்கிறதா என்றுதான் பார்த்தது.

நமக்குள் சேர்ந்து செய்ய ஒற்றுமை இல்லை, சீனருக்கு இருக்கிறது என்று இன்னொரு பேச்சு உண்டு. இதுவும் பாதிப் பொய். முன்பும் தமிழர் கையில் மூலதனம் இந்த நாட்டில் தாராளமாக இருந்தது. செட்டியார்கள் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் கடன் கொடுத்தார்கள். தோட்டத்துக் கூலிக்குக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அடகு வைக்க அவனிடம் ஒன்றும் இல்லை. இனப் பாசம் அங்கே எட்டவில்லை. 1950களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபின், மலாயா இந்திய காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாதம் 10 வெள்ளி கட்டினார்கள். அந்தப் பத்துப் பத்து வெள்ளியில் 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள், பிறகு இன்னும் பல தோட்டங்கள். ஒற்றுமை இல்லாதவர்கள் செய்கிற காரியமா இது? பிறகு 1980களில் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் வந்தது. தாலியை அடகு வைத்துப் பங்கு வாங்கினார்கள். சுமார் 66,000 பேரிடமிருந்து 106 மில்லியன் வெள்ளி சேர்ந்தது. இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு போட்டதைவிடக் குறைவாகத்தான் திரும்ப வந்தது. இரண்டு முறையும் கொடுத்தவர்கள் அதே மக்கள். பெட்டிச் சாவி யாரிடம் இருந்தது, கணக்கை யார் கேட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். அதைக் கேட்கத் தயங்கிய நம் தலைவர் பக்தியை நான் இங்கே குற்றம் சொல்லத்தான் செய்வேன். துரையைக் கேள்வி கேட்ட நாம் நம் தலைவரைக் கேட்கவில்லை.

ஆனால் இதுவரை நான் எழுதியது எல்லாமே மேலே பார்த்து எழுதியது. நம்மைவிட நன்றாக இருப்பவரோடு ஒப்பிட்டு, நாம் ஏன் கீழே என்று கேட்பது எளிது. தலையைக் கீழே குனிந்து பார்க்கும்போதுதான் நம் பகுத்தறிவு எவ்வளவு தூரம் வரும் என்று தெரியும்.

இந்த மலைக்குக் கேமரன் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே இருப்பவர்கள் செமாய் பூர்வக்குடியினர். ரிங்லெட்டைச் சுற்றிலும் அவர்கள் கிராமங்கள் இருக்கின்றன. தேயிலைக்காகவும் காய்கறிக்காகவும் அணைக்காகவும் வெட்டியது அவர்கள் காடு. காய்கறிச் சரிவுகளிலிருந்து கரைந்து இறங்கும் மண் அணையைத் தூர்க்கிறது, ஆற்றைச் சேறாக்குகிறது. அது அவர்கள் மீன் பிடித்த ஆறு. 1954ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைத் தங்கள் மண்ணிலேயே அரசு விரும்பும்வரை குடியிருக்கலாம் என்ற நிலையில் வைத்தது. நிலத்தை அரசு எடுத்துக்கொண்டால் மரத்துக்கு நஷ்டஈடு உண்டு, மண்ணுக்கு இல்லை. 2002இல் சாகோங் தாசி வழக்கில் அவர்களுக்கும் நிலத்தின்மேல் உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது.

நாம் அவர்களை என்ன சொன்னோம்? 'சக்காய்' என்றோம். அடிமை என்று பொருள் படும் அந்தச் சொல் எங்கள் லயத்தில் பிள்ளைகளைத் திட்டும் வார்த்தையாக இருந்தது. குளிக்காதே, சக்காய் மாதிரி இரு. படிக்காதே, சக்காய் மாதிரி காட்டுக்குப் போ. அவர்கள் சோம்பேறிகள், கொடுத்தால் குடித்துவிடுவார்கள், எவ்வளவு செய்தாலும் திருந்த மாட்டார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏறக்குறைய சொல் மாறாமல், துரை நம்மையும் மலாய்க்காரரையும் பற்றிச் சொன்னது. இந்த நினைப்பு தேர்தலிலும் தெரிந்தது. கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதிக்கு 2004இல் முதல் தேர்தல் நடந்தது. அன்றுமுதல் 2018 வரை ம.இ.கா. வேட்பாளர்களே வென்றார்கள். பூர்வக்குடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்தது நிரூபணமானதால் 2018 நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் கடைசி வெற்றியை ரத்து செய்தது. அடுத்து 2019 ஜனவரி இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் என்ற செமாய்க்காரர் வென்று, மக்களவைக்குப் போன முதல் பூர்வக்குடி உறுப்பினரானார். ஏழை என்றால் நூறு ஐம்பதுக்கு விலைபோவான் என்று நம் வாக்கைப் பற்றி அடுத்தவர் நினைத்தபோது நமக்கு எவ்வளவு வலித்தது? அதே நினைப்பை நம்மைவிட ஏழையின் மேல் வைக்க நமக்குக் கூசவில்லை.

இன்று தேயிலைச் சரிவில் கொழுந்து வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் வங்காளதேசிகள், நேபாளிகள், இந்தோனேசியர்கள். கூடை போய், இரண்டு பேர் பிடிக்கும் வெட்டு இயந்திரம் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் கீழே நகரத்துக்கு இறங்கிவிட்டார்கள், நல்லது. இறங்கும்போது கங்காணி முறையையும் மறந்துவிட்டோம். ஊரில் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வருகிறான் இன்று கொழுந்து வெட்டும் பையன். வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது, பிடிக்கவில்லை என்று வேறு இடம் போனால் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடுவான். பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள், பல இடங்களில் அவன் கையில் இருக்காது. நூறு வருஷத்துக்கும் முன்பு அவனுக்குப் பெயர் சஞ்சிக்கூலி. இன்று நாம் 'பங்ளா' என்கிறோம். அந்த ஒட்டுக்கடையில் அன்று எனக்குத் தே-ஓ கொண்டுவந்து வைத்தவனும் ஒரு பங்ளாதான். பெரியவர் ரத்தத்தைப் பற்றிப் பேசியபோது அவன் பக்கத்தில் நின்று மேசை துடைத்துக்கொண்டிருந்தான். நான் அவன் பெயரைக் கேட்கவில்லை.

அடுத்த முறை போகும்போது இரண்டு காரியம் செய்வதாக இருக்கிறேன். அந்தப் பெரியவரிடம், ஐயா, நீங்கள் முப்பத்தைந்து வருஷம் மருந்தடித்த மண்ணில் ஓர் அடிக்காவது உங்கள் பெயரில் பத்திரம் இருக்கிறதா, இல்லையென்றால் அது உங்கள் ரத்தத்தின் குற்றமா என்று கேட்பேன். தே-ஓ கொண்டுவந்த அந்தக் கடைப் பையனிடம் பெயர் கேட்பேன். நீங்கள் இந்த மலைக்கு வந்தாலும், வேறு எந்த ஊரில் இருந்தாலும், இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

பாட்டி காலி செய்த அந்த வீடு இன்னும் இருக்கிறது. தகரக் கூரையை மாற்றியிருக்கிறார்கள். இப்போது அதில் நான்கு வங்காளதேச இளைஞர்கள் தங்கியிருக்கிறார்கள். வேலை நின்றால் அவர்கள் வீட்டை மட்டுமல்ல, நாட்டையும் விட்டுப் போக வேண்டும்.